ரோட்டோர ஹோட்டலில் வாடிக்கையாளருக்குக் கழிப்பறை: கட்டுவதற்கு முன்னால் யோசிக்க வேண்டியவை

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் பிடிபடும். தமிழ்நாட்டு எல்லையில் இருக்கும் கோவிந்தாபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டிக் கேரளத்துக்குள் கொல்லங்கோடு போகிற ரோட்டில் 40 பேர் உட்காரும் ஹோட்டல் ஒன்று வைக்கப் போகிறீர்கள். இடம் மாமனாருடையது. பின்னால் பழைய கிணறு இருக்கிறது. வாடிக்கையாளருக்கென்று கழிப்பறை கட்டித்தான் ஆக வேண்டுமா, சாப்பிடாமல் "பாத்ரூம் மட்டும்" என்று கேட்டு வருகிறவரையும் விடணுமா, காசு வாங்கலாமா, எப்படிக் கட்டினால் பிற்பாடு தலைவலி வராது என்று கேட்டிருக்கிறீர்கள். பொள்ளாச்சிப் பக்கமும் பாலக்காட்டுப் பக்கமும் ஹோட்டல் கட்டட வேலைகளை எடுத்துச் செய்கிறவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

சட்டத்தை முதலில் முடித்துவிடலாம், ஏனென்றால் அதில்தான் வதந்தி அதிகம். "1867-ஆம் வருஷத்துச் சராய் சட்டப்படி ஐந்து நட்சத்திர ஹோட்டலாக இருந்தாலும் யார் வேண்டுமானாலும் உள்ளே போய் இலவசமாகத் தண்ணீர் குடிக்கலாம், கழிப்பறை போகலாம்" என்று ஒரு வாட்ஸப் செய்தி வருஷா வருஷம் சுற்றுகிறது. அந்தச் சட்டம் உண்மையாகவே இருந்தது. ஆனால் அது வழிப்போக்கர் தங்கும் சத்திரங்களைப் பற்றியது. சத்திரத்தை நடத்துகிறவர் அறைகளையும் சாக்கடையையும் சுத்தமாக வைக்கணும், அங்கே தங்குகிறவர்களுக்கும் அவர்களின் மாடு குதிரைகளுக்கும் தண்ணீர் எடுக்கிற கிணறு குளத்தைத் துப்புரவாக்கணும், காவலாள் போடணும், கட்டண விவரத்தைத் தொங்கவிடணும், இந்த மாதிரிக் கடமைகளைத்தான் அது சொல்கிறது. ரோட்டில் போகிற எவரும் ஹோட்டலுக்குள் நுழைந்து கழிப்பறை கேட்கலாம் என்று அதில் ஒரு வரிகூடக் கிடையாது. யாராவது போனை நீட்டி அந்தச் செய்தியைக் காட்டினால் சண்டை போட வேண்டாம், உள்ளே அனுப்பிவிடுங்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

உணவுப் பாதுகாப்புப் பக்கம் பார்த்தால், 2011 ஒழுங்குமுறைகளின் 4-ஆவது அட்டவணைதான் உங்களுக்கு முக்கியம். அது பெரும்பாலும் வேலை செய்கிறவர்களை வைத்துப் பேசுகிறது. அவர்களுக்குக் கழிப்பறையும் கை கழுவும் வசதியும் இருக்கணும், கழிப்பறைக் கதவு சமையல் நடக்கும் இடத்திலோ சாமான் வைக்கும் இடத்திலோ நேராகத் திறக்கக் கூடாது. ஆகவே "கழிப்பறையே இல்லாமல் ஹோட்டல்" என்ற பேச்சுக்கே இடமில்லை. பணியாளர் கழிப்பறை எப்படியும் வேண்டும். வாடிக்கையாளர் விஷயம் கட்டட விதியில் வருகிறது. தேசியக் கட்டட விதித்தொகுப்பு, 50 இருக்கைக்கு ஆண்களுக்கு 1 கழிப்பிடமும் 1 சிறுநீர்ப் பிறையும் (யூரினல்), பெண்களுக்கு 2 கழிப்பிடமும் என்று கணக்குப் போடுகிறது. பஞ்சாயத்துக்கு வரைபடம் கொடுக்கும்போது கேரளத்தின் 2019 பஞ்சாயத்துக் கட்டட விதிகளைத்தான் பார்ப்பார்கள். அதிலும் சுகாதார வசதிக்கு அட்டவணை உண்டு. வரைபடம் போடுகிறவரிடம் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லிக் கேளுங்கள், வாய்வார்த்தையாகச் சொன்னால் நம்ப வேண்டாம்.

பெட்ரோல் பங்க் விவகாரத்தையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், அதை ஹோட்டலோடு சேர்த்துக் குழப்புகிறவர்கள் நிறைய. பங்குகளுக்கு எண்ணெய் நிறுவனங்களே கழிப்பறை வைக்கச் சொல்லி விதி போட்டிருக்கின்றன. 2025-இல் பத்தனம்திட்டை நுகர்வோர் ஆணையம், கழிப்பறையைத் திறந்துவிட மறுத்த கோழிக்கோடு மாவட்டத்துப் பங்க் ஒன்றை 1,65,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது. புகார் கொடுத்தவர் ஓர் ஆசிரியை. அதே வருஷம் ஜூனில், தனியார் பங்குகளின் கழிப்பறையைப் பொதுக் கழிப்பறையாக நடத்தும்படி அரசு கட்டாயப்படுத்த முடியாது என்று கேரள உயர் நீதிமன்றத்தில் இடைக்கால உத்தரவு வந்தது. அப்புறம் தேசிய நெடுஞ்சாலைப் பங்குகளைப் பொறுத்து அது மாற்றப்பட்டு, பயணிகளுக்கும் திறந்துவிட வேண்டும் என்று ஆனது. இதெல்லாம் பங்குகளுக்கு. உங்கள் ஹோட்டலுக்கு இது நேரடியாகப் பொருந்தாது. ஆனால் காசு கொடுத்துச் சாப்பிட்டவருக்கு, இருக்கிற கழிப்பறையைப் பூட்டி வைத்துக்கொண்டு இல்லை என்று சொன்னால், சேவைக் குறைபாடு என்று நுகர்வோர் ஆணையத்துக்குப் போக அவருக்கு வழி உண்டு.

சரி, சட்டம் இவ்வளவுதான். உங்கள் ரோட்டைப் பார்ப்போம். தைப்பூசத்துக்குப் பழனி போகிற மலையாளிக் குடும்பங்கள் இந்த வழியாகத்தான் வருகின்றன. கார்த்திகை பிறந்துவிட்டால் மாலை போட்டவர்கள் வேன் வேனாக எதிர்ப்பக்கம் போவார்கள். தை மாசத்திலிருந்து முதலமடை மாம்பழ லாரிகள். கொஞ்ச வருஷமாக ஞாயிற்றுக்கிழமையானால் கொல்லங்கோட்டு வயலையும் சீதார்குண்டையும் பார்க்கக் கோயமுத்தூரிலிருந்து கார்கள், நெல்லியாம்பதிக்குப் போகிற கூட்டம் வேறே. இவர்கள் எல்லோருக்கும் பொதுவான ஒன்று, கிளம்பி ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் ஆகியிருக்கும். வண்டியை நிறுத்துவதற்குப் பசி ஒரு காரணம், முட்டிக்கொண்டு வருவது இன்னொரு காரணம். பல நேரம் இரண்டாவதுதான் முதலில் வரும். உட்கார்ந்த உடனே ஜக்கு நிறையக் கரிங்காலி வெள்ளம் (கரிங்காலிக் கட்டை போட்டுக் காய்ச்சின தண்ணீர்) வைப்பீர்கள், அப்புறம் சாயா. இத்தனையும் ஊற்றிவிட்டுக் கழிப்பறை இல்லை என்று சொல்வது எப்படி?

குடும்பத்தோடு வரும் வண்டியில் எங்கே நிறுத்துவது என்பதைப் பெரும்பாலும் பின்சீட்டில் இருக்கும் பெண்கள் முடிவு செய்கிறார்கள். போன தடவை எங்கே கழிப்பறை தேவலையாக இருந்தது என்பது அவர்களுக்கு ஞாபகம் இருக்கும். புரோட்டா எங்கே நன்றாக இருந்தது என்பது ஆண்களுக்கு ஞாபகம் இருக்கும். இரண்டும் ஒரே இடமாக இருந்தால் வருஷா வருஷம் அதே வண்டி வரும். இல்லாவிட்டால் புரோட்டா தோற்கும், இதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். வீட்டுக்கு வீடு கழிப்பறை வந்து வெகுகாலம் ஆகிவிட்ட கேரளத்தில் வாடிக்கையாளரின் எதிர்பார்ப்பும் அதற்கேற்ற மாதிரி இருக்கும். போதாததற்கு அரசே "டேக் எ பிரேக்" என்று வழியோர ஓய்விடங்களை உள்ளாட்சிகள் மூலம் கட்டிவருகிறது. அங்கே போய்ப் பார்த்தவர் உங்களிடத்தை அதோடு ஒப்பிடுவார்.

அதனால் 40 இருக்கைக்கு நான் சொல்வது: பெண்களுக்கு 2, ஆண்களுக்கு 1 கழிப்பிடமும் 2 சிறுநீர்ப் பிறையும், பணியாளருக்குத் தனியாக 1. நம் ஊரில் வழக்கமாக இதைத் தலைகீழாகச் செய்வார்கள். ஆண்கள் பக்கம் வரிசையாகப் பிறைகள், பெண்களுக்கு மூலையில் ஒன்று, அதிலும் பாதி இடத்தில் வாளியும் பழைய பெயின்ட் டப்பாவும். பெண்களுக்கு நேரம் கூட ஆகும், புடவையும் சுடிதாரும் சமாளிக்கணும், கூடவே குழந்தையையும் கூட்டிப் போவார்கள். ஒரு வேன் வந்து நின்றால் பெண்கள் பக்கம்தான் வரிசை நிற்கும். அந்த வரிசை கரைகிற வரை வேன் கிளம்பாது, உங்கள் மேசையும் காலியாகாது. இரண்டு கழிப்பிடத்தில் ஒன்றாவது மேற்கத்திய முறையில் இருக்கட்டும், முட்டி வலி இல்லாத வயசானவர்கள் இப்போது குறைவு. அதே அறையின் கதவை 90 செ.மீ. அகலத்துக்கு வைத்து, படி இல்லாமல் சரிவு போட்டு, சுவரில் இரண்டு பிடிகம்பி அடித்துவிட்டால் சக்கர நாற்காலியில் வருகிறவருக்கும் ஆயிற்று. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பொதுமக்கள் வந்துபோகும் தனியார் கட்டடங்களையும் சேர்த்துத்தான் பேசுகிறது. கட்டும்போது செய்தால் செலவு தெரியாது, கட்டிய பின் கதவை இடித்து அகலப்படுத்துவதுதான் செலவு.

இனி கிணறு. உங்கள் கேள்வியில் ஒற்றை வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள், எனக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது. ரோட்டோர இடங்கள் எல்லாம் முன்பக்கம் குறுகலாகவும் பின்னால் நீளமாகவும் இருக்கும். முன்னால் ஹால், நடுவில் அடுக்களை, பின்னால் கிணறு, கழிப்பறையும் பின்னால் என்று எல்லோரும் யோசிப்பார்கள். கேரளக் கட்டட விதிப்படி குடிநீர்க் கிணற்றிலிருந்து 7.5 மீட்டர் தூரத்துக்குள் செப்டிக் டேங்க்கோ, டேங்க் தண்ணீரை மண்ணுக்குள் இறக்கும் உறிஞ்சுகுழியோ வரக் கூடாது. இந்தியத் தர நிர்ணயத்தின் ஐ.எஸ். 2470 இன்னும் கண்டிப்பானது, உறிஞ்சும் அமைப்பைக் கிணற்றிலிருந்து 18 மீட்டராவது தள்ளி வைக்கச் சொல்கிறது. பஞ்சாயத்து 7.5 மீட்டரை அளந்து பார்த்து விட்டுவிடலாம். நீங்கள் 18-ஐப் பிடித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அந்தக் கிணற்றுத் தண்ணீரில்தான் நீங்கள் சாம்பார் வைக்கப் போகிறீர்கள். உங்கள் கிணறு மட்டும் இல்லை, பக்கத்து வீட்டுக் கிணற்றையும் அளக்கணும். வேலை ஆரம்பிக்கும் முன் ஒரு கயிறு எடுத்துக் கிணற்றை மையமாக வைத்து 18 மீட்டர் வட்டம் சுண்ணாம்பில் போட்டுவிடுங்கள். வட்டத்துக்கு வெளியே எது மிஞ்சுகிறதோ அங்கேதான் குழி. அதைப் பொறுத்துத்தான் கழிப்பறை, அதைப் பொறுத்துத்தான் ஹால். எல்லோரும் ஹாலிலிருந்து வரைபடத்தைத் தொடங்குகிறார்கள், குழியிலிருந்து தொடங்குகிறவர் பிழைத்துக்கொள்வார். தண்ணீர்ப் பரிசோதனை ரிப்போர்ட் லைசென்ஸுக்கு எப்படியும் கேட்பார்கள். குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500 படி 100 மில்லி தண்ணீரில் ஈ-கோலை கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது. முதல் வருஷம் நன்றாக வந்த ரிப்போர்ட், குழியைக் கிட்டே வைத்த இடங்களில் இரண்டாவது மழைக்காலத்துக்கு அப்புறம் கெட்டுப்போவது சகஜம்.

செப்டிக் டேங்க் அளவுக்கு ஒரு தோராயக் கணக்கு. ஞாயிற்றுக்கிழமை ஓர் இருக்கையில் 7 பேர் மாறி மாறி உட்கார்ந்தால் 280 பேர். பாதிப் பேர் கழிப்பறைக்குப் போனால் 140. ஆளுக்கு 10 லிட்டர் என்று வைத்தால் 1,400 லிட்டர், கழுவுகிற தண்ணீரையும் பணியாளரையும் சேர்த்தால் 1,800-ஐ ஒட்டி வரும். கழிவு டேங்க்கில் ஒரு நாளாவது தங்கி அடியில் படியணும், படிந்த சேறுக்கும் இடம் வேண்டும், திருவிழாக் கூட்டத்துக்கும் இடம் வேண்டும். அதனால் இரண்டு அறை வைத்து 6,000 லிட்டருக்குக் குறையாமல் கட்டுங்கள். வீட்டுக்குக் கட்டுகிற மேஸ்திரி "பத்துப் பேருக்கு இது போதும்" என்று ஒரு குழி காட்டுவார். அவர் வீட்டுக் கணக்குச் சொல்கிறார், கேட்காதீர்கள். அடுக்களைத் தண்ணீரை எந்தக் காரணத்துக்கும் இந்த டேங்க்கில் விடக் கூடாது. எண்ணெயும் சோற்றுப் பருக்கையும் போனால் மேலே ஆடை கட்டிக் குழாய் அடைத்துக்கொள்ளும். அதற்குத் தனியாக எண்ணெய் பிடிக்கும் தொட்டி, தனிக் குழி. கை கழுவும் தொட்டித் தண்ணீரும் அடுக்களைத் தண்ணீர் மாதிரிதான், மீன் குழம்பு எண்ணெய் அத்தனையும் அதில்தான் இருக்கிறது.

டேங்க் நிரம்பினால் உறிஞ்சும் லாரியை மட்டும் கூப்பிடுங்கள். ஆளை இறக்கவே கூடாது. 2013 சட்டம் அதைத் தடை செய்கிறது, இறந்தால் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் கொடுக்கணும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பணத்தை விடுங்கள், அந்த வாயுவில் இறங்கினவரைத் தூக்கப் போகிற இரண்டாவது ஆளும் சாகிறார். லாரி வந்து நிற்க இடம் விட்டு மூடியை வெளிப்பக்கமாக வையுங்கள். ஹாலுக்கு அடியில் மூடியை வைத்துவிட்டு, மேசையை நகர்த்திவிட்டு ராத்திரி பதினொரு மணிக்கு உறிஞ்சுகிற ஹோட்டல்கள் உண்டு. லாரிக்காரர் அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறார் என்றும் கேளுங்கள். எல்லைக்கு இந்தப் பக்கத்தது அந்தப் பக்கத்து வாய்க்காலிலும் அந்தப் பக்கத்தது இந்தப் பக்கத்து ஓடையிலும் இருட்டில் இறங்குகிறது என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

தண்ணீர் அடுத்தது. எருத்தேன்பதி, வடகரப்பதிப் பக்கம் அளவுக்கு இல்லாவிட்டாலும் உங்கள் பக்கமும் மீனம் மேடத்தில் (நம் பங்குனி சித்திரை) கிணறு கீழே போய்விடும். ஆளியாற்றுத் தண்ணீர் எவ்வளவு விடுவார்கள் என்று இரண்டு மாநிலமும் பேசிக்கொண்டிருக்கும்போது நீங்கள் லாரித் தண்ணீருக்குப் போன் போட்டுக்கொண்டிருப்பீர்கள். தண்ணீர் விஷயத்தில் இந்த வட்டாரத்துக்குச் சுருக்கென்று கோபம் வரும், நிலத்தடித் தண்ணீருக்காகக் கோகோ கோலா ஆலையை எதிர்த்துப் போராடின பிளாச்சிமடை பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேல்நிலைத் தொட்டியை இரண்டாகப் பிரியுங்கள். அடுக்களைக்கு ஒன்று, கழிப்பறைக்கு ஒன்று. ஒரே தொட்டியாக இருந்தால் கழிப்பறையில் ஒழுகுகிற ஒரு குழாய் உங்கள் சமையலை நிறுத்திவிடும். குடிநீருக்கு ஆர்.ஓ. வைக்கிறீர்கள் என்றால், அது வெளியே தள்ளுகிற உப்புத் தண்ணீரைக் கழிப்பறைத் தொட்டிக்குத் திருப்பலாம், சும்மா சாக்கடையில் போகிற தண்ணீர்தானே. உப்பு படியும், ஃப்ளஷ் டேங்க்கின் உள்சாமானை அடிக்கடி கழற்றிக் கழுவ வேண்டிவரும், அதை மட்டும் கணக்கில் வையுங்கள். ஃப்ளஷ் டேங்க் வாங்கும்போது 3 லிட்டர், 6 லிட்டர் என்று இரண்டு பொத்தான் உள்ளதை வாங்குங்கள். ஃப்ளஷ் கெட்டுப்போன அன்றைக்கும் வேலை நடக்க ஒரு வாளியும் மக்கும் எப்போதும் இருக்கட்டும். அந்த மக்கைச் சங்கிலி போட்டுக் கட்டாதீர்கள், எட்டாது. பத்து ரூபாய் இருபது ரூபாய் மக்குக்காக வருகிறவரைத் திருடராக்குவது எனக்குப் பிடிப்பதே இல்லை.

நாற்றம் பற்றித் தனியாகச் சொல்லணும். பெரும்பாலான ஹோட்டல்காரர்கள் நாற்றத்தை வாசனையால் அடிக்கப் பார்க்கிறார்கள். கற்பூர உருண்டை, ஊதுவத்தி, பினாயில். நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பதில்லை. தரையில் தண்ணீர் போகிற ஓட்டைக்கு அடியில் நானி ட்ராப் என்று ஒரு வளைவு இருக்கும், அதில் 5 செ.மீ. அளவுக்குத் தண்ணீர் தேங்கி நின்று குழியின் வாயுவை மறிக்கும். நாலு நாள் யாரும் தண்ணீர் ஊற்றாவிட்டால், அதுவும் மேட மாச வெயிலில், அந்தத் தண்ணீர் காய்ந்துவிடும். குழிக்கும் அறைக்கும் நடுவே அப்புறம் தடுப்பே கிடையாது. ஒரு மக்குத் தண்ணீரை அந்த ஓட்டையில் ஊற்றிவிட்டுப் பத்து நிமிஷம் கழித்துப் போய்ப் பாருங்கள், பாதி நாற்றம் போயிருக்கும். மீதிப் பாதி, காற்றுக்குழாய் இல்லாததால் வருவது. டேங்க்கிலிருந்து மேலே கூரைக்கு மேல் உயரமாகக் குழாய் போகணும். மேஸ்திரிகள் அதைப் பாதியிலேயே, ஜன்னல் மட்டத்தில், முடித்துவிடுவார்கள். காற்றை வெளியே தள்ளும் ஃபேன் கழிப்பறையில் இருக்கணும், கதவுக்கு அடியில் இரண்டு விரல் இடைவெளி இருக்கணும். அப்போதுதான் ஹாலில் இருக்கும் காற்று கழிப்பறைக்குள் இழுபட்டு வெளியே போகும். ஃபேன் இல்லாமல், அடுக்களையில் மட்டும் பெரிய ஃபேன் வைத்திருக்கிற ஹோட்டலில் நேர் எதிர்மாறாக நடக்கும். அடுக்களை காற்றை இழுக்கும், கழிப்பறைக் காற்று ஹால் வழியாக உங்கள் இலைக்கு மேலே போகும். சாப்பிட உட்கார்ந்ததும் ஒரு மாதிரி வாடை அடிக்கிறதே என்று தோன்றிய ஹோட்டல்கள் எல்லாம் இந்த ரகம்தான்.

ஆசிட் ஊற்றிக் கழுவுகிற பழக்கம் வேண்டாம். டைல்ஸ் இடுக்கில் இருக்கும் சிமென்ட்டை அது தின்றுவிடும், அதற்கப்புறம் அழுக்கு அங்கேதான் குடியிருக்கும். டேங்க்கில் கழிவை மக்கவைக்கும் நுண்ணுயிரையும் கொன்றுவிடும். ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் ஒன்றாகக் கலந்தால் குளோரின் வாயு வரும், மூடின அறையில் அது ஆளைச் சாய்த்துவிடும். கழுவுகிறவருக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியது முதலாளியின் வேலை.

உள்ளே என்ன வேண்டும் என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கோழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு மெஸ்ஸில் பெண்கள் கழிப்பறை பளபளவென்று இருந்தது, பளிங்கு மாதிரி டைல்ஸ். கதவில் தாழ்ப்பாள் இல்லை, தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நாலு ஓட்டை. கொக்கியும் இல்லை. கைப்பையையும் போனையும் வைத்துக்கொண்டு ஒரு கையால் கதவைப் பிடித்தபடி என்ன செய்ய முடியும்? வீட்டுப் பெண்களை ஒரு தடவை உள்ளே அனுப்பிக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். நல்ல தாழ்ப்பாள், உயரத்தில் ஒரு கொக்கி, சின்னத் தட்டு, மூடியோடு ஒரு குப்பைக்கூடை, வெளிச்சம், சோப்பு. நாப்கினை ஃப்ளஷ்ஷில் போடுகிறார்கள் என்று குறைப்படுகிறவர்கள் அநேகமாகக் கூடை வைக்காதவர்கள்தான். அந்தக் கூடையைத் தினம் காலி செய்யணும். உள்ளாட்சிக்காகக் குப்பை சேகரிக்கும் ஹரித கர்ம சேனைக்காரர்கள் பிளாஸ்டிக்கை எடுத்துப் போவதுபோல இதையும் எடுப்பார்களா என்று உங்கள் வார்டில் முதலிலேயே பேசிவிடுங்கள், இல்லாவிட்டால் மின்சாரத்தில் எரிக்கும் சின்ன இயந்திரம் ஒன்று வாங்க வேண்டிவரும். போர்டு தமிழிலும் மலையாளத்திலும் இருக்கட்டும், கூடவே படமும். சாவியைக் கட்டைத்துண்டில் கட்டிக் கல்லாவில் தொங்கவிடுகிற வழக்கத்தை மட்டும் தயவுசெய்து ஆரம்பிக்காதீர்கள். நாலு ஆண்கள் பில் கட்ட நிற்கிற இடத்தில் ஒரு பெண் வந்து "அண்ணா, சாவி" என்று கேட்கணுமா? போகிற வழியும் முக்கியம். கோழி வெட்டுகிற இடம், விறகு, பணியாளர் துணி காய்கிற கொடி எல்லாவற்றையும் தாண்டிப் போகும்படி வைக்காமல், வண்டி நிறுத்துகிற பக்கத்திலிருந்தே வெளிச்சமான வழி விடுங்கள். அப்படி விட்டால் ஹாலுக்குள் வராமலே போய்விட்டுப் பிறகு சாப்பிட வருவார்கள், அதுதான் அவர்களுக்கும் வசதி.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். இதுவரை சொன்னது எல்லாம் பணம் போட்டால் நடந்துவிடும். திறந்த மூன்று மாசத்துக்கு எந்த ஹோட்டல் கழிப்பறையும் நன்றாகத்தான் இருக்கும். அப்புறம் கெட்டுப்போவதற்குக் காரணம், அது யாருடைய வேலை என்று யாரும் தீர்மானிக்காததுதான். தோசைக்கு ஒரு மாஸ்டர் இருக்கிறார், டீக்கு ஒரு மாஸ்டர் இருக்கிறார். கழிப்பறைக்கு "காலையில் ஒரு அக்கா வருவாங்க" என்பதுதான் பதில். காலை ஆறு மணிக்குக் கழுவிய கழிப்பறை பதினொரு மணிக்கு எப்படி இருக்கும் என்று முதலாளிக்குத் தெரியாது, அவர் பணியாளர் பக்கம் போகிறவர். ஒரு மேசையைச் சாப்பிட்ட உடனே துடைக்கிறீர்கள். அதே கூட்டம் போய்வந்த அறையை மட்டும் ஆறு மணி நேரம் விட்டுவைப்பதில் என்ன கணக்கு இருக்கிறது?

டைல்ஸுக்கு என்று நினைத்து வைத்திருக்கும் பணத்தில் பாதியை எடுத்து முதல் ஆறு மாசச் சம்பளமாக ஒதுக்கிவிடுங்கள். ஒரே ஆள், அவர் வேலை இது மட்டும்தான், காலையிலிருந்து இரவு வரை இரண்டு ஷிஃப்டாக இரண்டு பேர் என்றால் ரொம்ப நல்லது. ஞாயிறும் திருவிழா நாளும் அரை மணிக்கு ஒரு தடவை, மற்ற நாளில் ஒரு மணிக்கு ஒரு தடவை பார்க்கணும். தரை காய்ந்திருக்கணும், ஈரத்தரைதான் அழுக்குத் தோற்றத்தின் பாதி. இந்த ஆள் பரிமாறுகிற வேலைக்கும் பாத்திரம் கழுவுகிற வேலைக்கும் போகக் கூடாது, அவருடைய துடைப்பமும் மாப்பும் ஹாலுக்கு வரக் கூடாது. வேறு நிறத்தில் வாங்கிக் கொடுத்துவிட்டால் யாரும் மாற்றி எடுக்க மாட்டார்கள். சம்பளத்தை மட்டும் ஹோட்டலிலேயே குறைந்ததாக வைக்காதீர்கள். இந்த வேலைக்கென்று சில தெருக்களிலிருந்து மட்டும் ஆள் கூப்பிட்டு, அரைச் சம்பளம் கொடுத்து, பின்வாசல் வழியாக வரச் சொல்கிற வழக்கம் நம் பக்கம் இன்னும் போகவில்லை. பரிமாறுகிற தம்பிக்கு என்ன கொடுக்கிறீர்களோ அதைவிடக் கொஞ்சம் கூடக் கொடுங்கள், கையுறையும் ரப்பர் செருப்பும் கொடுங்கள், மற்றவர்களோடு உட்கார வைத்துச் சாப்பாடு போடுங்கள். அப்படிச் செய்கிற ஹோட்டல்களில் ஆள் நிற்கிறார்கள். மற்ற இடங்களில் மாசா மாசம் "ஆள் கிடைக்கல" என்ற புலம்பல்தான். அஸ்ஸாமிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்து வேலை செய்கிற தம்பிமாருக்கும் அதே தரத்தில் பணியாளர் கழிப்பறை கொடுங்கள். உங்கள் சோற்றைப் பிசைகிற கை அங்கேதான் கழுவப்படுகிறது.

சாப்பிடாமல் கேட்டு வருகிறவர்கள். விடுங்கள், யோசிக்கவே வேண்டாம். சட்டம் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை என்று மேலே சொன்னேன். ஆனால் கேட்கிறவர் யார் என்று பாருங்கள். கர்ப்பிணி, சர்க்கரைக்காரர், புராஸ்டேட் தொல்லை உள்ள பெரியவர், குடல் நோய்க்காரர், குழந்தை. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் 2005-இல் ஒரு சட்டமே போட்டார்கள், இப்படி நோய் உள்ளவர் கேட்டால் கடைக்காரர் பணியாளர் கழிப்பறையையாவது திறந்துவிடணும் என்று. நம்மிடம் அப்படி ஒன்று இல்லாவிட்டால் என்ன, முகத்தைப் பார்த்தால் தெரியாதா? தவிர, உள்ளே போய்வந்த குடும்பத்தில் ஒருவராவது சாயா குடிப்பார், இல்லாவிட்டால் ஒரு பாக்கெட் நேந்திரங்காய் வறுவலாவது வாங்குவார். கேட்டதும் மறுத்தால் மட்டும் மறக்க மாட்டார்.

காசு வாங்குவது பற்றி: சாப்பிட்டவரிடம் ஒரு பைசாவும் வாங்காதீர்கள். அரசு பஸ் நிற்கிற ரோட்டோர மோட்டல்களில் மேசை போட்டு ஆள் உட்கார்ந்து பத்து ரூபாய் வாங்குகிற காட்சி எல்லோருக்கும் தெரியும், அந்த மோட்டல்களுக்கு ஊரில் என்ன பேர் என்பதும் தெரியும். வெளியாளிடம் வாங்குவதைப் பற்றி இரண்டு விதமான நடைமுறை இருக்கிறது. 2017 ஏப்ரலிலிருந்து தெற்கு டெல்லி மாநகராட்சி, ஹோட்டல்களும் உணவகங்களும் கழிப்பறையைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடணும், 5 ரூபாய் வரை வாங்கிக்கொள்ளலாம் என்று சொன்னது. ஜெர்மனியில் ஆலன் என்ற ஊர் வேறு வழியில் போனது. அங்கே நகராட்சியே உணவகங்களுக்கு மாசாமாசம் ஒரு தொகை கொடுக்கிறது, உணவகம் வாசலில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு வருகிற எல்லோரையும் இலவசமாக விடுகிறது. அந்த முறை அங்கே பல ஊர்களுக்குப் பரவியிருக்கிறது. எனக்கு ஆலன் முறைதான் புத்திசாலித்தனமாகப் படுகிறது. ஒரு பஞ்சாயத்து புதிதாகக் கட்டடம் கட்டி, ஆள் போட்டு, பூட்டிவிட்டுப் போவதைவிட, ஏற்கெனவே ஆளும் தண்ணீரும் உள்ள ஹோட்டலுக்குக் கொஞ்சம் கொடுத்துவிட்டுத் திறந்துவிடச் சொல்வது மலிவு. உங்கள் ஹோட்டல்காரர் சங்கத்தில் பேசிப் பாருங்கள், தைப்பூச சமயத்துக்காவது முதலமடைப் பஞ்சாயத்து கேட்குமா என்று. அதுவரை வெளியாளிடம் காசு வாங்குவதானால் ஆள் வைத்து வாங்காதீர்கள். அந்த ஆளுக்குக் கொடுக்கிற சம்பளம் வசூலைவிட அதிகமாக இருக்கும்.

வேன் கூட்டத்துக்கு ஒரு விஷயம் விட்டுப்போய்விட்டது. மாலை போட்டவர்களும் பழனி போகிறவர்களும் கழிப்பறையோடு குளிக்கவும் இடம் கேட்பார்கள். அதைக் கழிப்பறைக்குள் அனுமதித்தால் தரை நாள் பூராவும் நனைந்தே கிடக்கும். பக்கவாட்டுச் சுவரோரமாக வரிசையாக நாலு குழாய், மேலே தகரக் கூரை, பெண்களுக்கு மறைப்போடு ஓர் அறை, அந்தத் தண்ணீர் தென்னைக்குப் போகிற மாதிரி வாய்க்கால். செலவு அதிகம் இல்லை, சீசன் முடிந்ததும் பணியாளர் துணி துவைத்துக்கொள்வார்கள்.

கையில் பணம் இறுக்கமாக இருந்தால் எதைக் குறைப்பது என்றும் கேட்பீர்கள். சுவர் டைல்ஸை நாலடி உயரத்தோடு நிறுத்தி மேலே பெயின்ட் அடியுங்கள். ஆளைப் பார்த்துத் தண்ணீர் விடுகிற சென்சார் குழாய் வேண்டாம், நம் உப்புத் தண்ணீரில் நிலைக்காது. கை உலர்த்தும் இயந்திரம் வேண்டாம். சிறுநீர்ப் பிறை 2 என்பதை 1 ஆக்கலாம், அங்கேயும் விதி 1தான் கேட்கிறது. பெண்கள் பக்கத்தில் இரண்டாவது அறையைத் "அப்புறம் கட்டிக்கலாம்" என்று தள்ள வேண்டாம், செப்டிக் டேங்க்கில் ஆயிரம் லிட்டர் குறைக்கவும் வேண்டாம், இரண்டும் அப்புறம் நடக்காது. வரைபடம் போட்டதும் கிணற்றிலிருந்து அளந்த தூரத்தையும் பக்கத்து வீட்டுக் கிணறு எங்கே இருக்கிறது என்பதையும் எழுதுங்கள், குழியை எங்கே நகர்த்தலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.